மலையும் மதிலும்

வரலாறு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன முடியும் வாளும், போரும் வெற்றியுமே. மன்னர் பெயர்களையும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளையும் வரிசையாகக் கற்றுவிட்டால் வரலாறு கற்றாயிற்று என்று மாணவர் பலர் கருதுகின்றனர். அம்மன்னர்கள் நின்ற நிலம் எத்தகையது? அந்நிலம் அவர்களுக்கு எதனைக் கொடுத்தது? எதனை மறுத்தது? இவ்வினாக்களைக் கேளாமல் வரலாறு சொல்வது, மேடையை மறைத்துக்கொண்டு நாடகம் காட்டுவது போன்றதாகும். ஆகவே, இன்று ஒரு மலையின் வாயிலாக நம் நாட்டு வரலாற்றைக் காண உங்களை அழைக்கின்றேன். அம்மலை செஞ்சி மலை.

திண்டிவனத்திலிருந்து மேற்கு நோக்கிச் செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளமுடையது. வழியில் வல்லம் என்னும் ஊர் உள்ளது. நெல் வயல்களும், மணிலாக் கொல்லைகளும், ஏரிகளும் நிறைந்த சமவெளி அது. அவ்வூரைக் கடந்து மேற்கே செல்லச் செல்ல, வானத்தின் அடிவரம்பில் சில குன்றுகள் தலைதூக்கும். நீலகிரியைப் போன்ற தொடர்மலைகள் அல்ல அவை. ஒன்றோடொன்று ஒட்டாமல், சமவெளியிலிருந்து திடீரென எழுந்து நிற்பவை. பச்சைப் போர்வையும் அவற்றிற்குக் குறைவு. உருண்டு திரண்ட பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் காட்சியே எங்கும் தெரியும். அவற்றுள் மூன்று குன்றுகள் முக்கோணமாக நின்று ஒரு பெருங்கோட்டையைத் தாங்குகின்றன. வடக்கே நிற்பது கிருஷ்ணகிரி. மேற்கே உயர்ந்தோங்கியது இராசகிரி. தென்கிழக்கே உள்ளது சந்திராயன்துர்க்கம்.

ஒரு முறை கல்லூரி மாணவர் சிலரோடு நான் இராசகிரியின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் இளைப்பாற அமர்ந்தபோது, ஒரு மாணவர் மேலே தொங்குவதுபோல் நின்ற ஒரு பாறையைச் சுட்டிக்காட்டி, "ஐயா, இவ்வளவு பெரிய கல்லை இங்கே யார் கொண்டுவந்து வைத்தார்கள்?" என்று கேட்டார். உடன் வந்தவர்கள் நகைத்தனர். ஆனால் அக்கேள்வி நகைக்கத்தக்கதன்று. செஞ்சியைக் காணும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழ வேண்டிய கேள்வி அது.

மலைகள் எல்லாம் ஒரே வகையில் தோன்றியவை அல்ல. நிலத்தின் மேலோடு நெருக்குண்டு மடிவதனால் எழுந்தவை மடிப்பு மலைகள். இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியப் பெருநிலத்தோடு மோதியதனால் இமயம் எழுந்தது. அம்மோதல் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நிலம் பிளந்து ஒரு பகுதி உயர்ந்தோ தாழ்ந்தோ போவதனால் உண்டாகும் மலைகளும் உண்டு. தீக்குழம்பு பொங்கி வழிந்து குவிந்த எரிமலைகளும் உண்டு. செஞ்சிக் குன்றுகள் இவற்றுள் எதனையும் சார்ந்தவை அல்ல. அவை எஞ்சிய மலைகள். சுற்றியிருந்தவை யாவும் தேய்ந்து மறைந்தபின், தேயாமல் மிஞ்சி நிற்பவை என்பது அதன் பொருள்.

செஞ்சியின் கருங்கல், நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, மிக மெதுவாக ஆறி இறுகியது. அது நிகழ்ந்து சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆயின என்பர் நிலநூலார். அக்கல் பிறந்தபோது அதன்மேல் பெருங்கனமுடைய வேறு பாறைகள் மூடியிருந்தன. காற்றும் மழையும் வெயிலும் அவற்றை மெல்ல மெல்ல அரித்துக் கரைத்தன. மேலிருந்த சுமை குறையக் குறைய, அழுத்தம் நீங்கிய கருங்கல்லில் நெடுக்கும் குறுக்குமாக வெடிப்புகள் விட்டன. அவ்வெடிப்புகளில் நீர் இறங்கியது. ஒரு பாறையின் மூலைகளில் நீர் பல பக்கமிருந்து தாக்கும். நடுப்பகுதியைத் தாக்குவது குறைவு. ஆகவே மூலைகள் முதலில் உளுத்துப்போயின. வெங்காயச் சருகு உரிவதுபோலப் பாறையின் மேற்பரப்பு தகடு தகடாக உரிந்தது. உளுத்த மண்ணை மழை கழுவிச் சென்றபின், உறுதியான உள்ளீடு மட்டும் உருண்டைப் பாறையாக எஞ்சியது. மாணவர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. அக்கல்லை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அது பிறந்த இடத்திலேயே நிற்கின்றது. அதனைச் சுற்றியிருந்ததுதான் அகன்றுவிட்டது.

கல்லின் வயது வேறு, குன்றின் உருவத்திற்குரிய வயது வேறு என்பதனையும் நினைவிற் கொள்ள வேண்டும். கல் மிகப் பழையது. இன்று நாம் காணும் வடிவம் அதனினும் மிக மிகப் பிற்பட்டது. இக்கால அளவை மனத்தில் பதித்துக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செஞ்சிக் கல்லின் வயதை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையுள்ள ஒரு நாளாகக் கொள்வோம். அந்நாளின் ஒரு நொடி ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்குச் சமம். இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கியது, நாள் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது. செஞ்சிப் பகுதியில் எழுத்திலே கிடைக்கும் வரலாறு முழுவதும், கடைசி நொடியின் ஒரு சிறு பங்குக்குள் அடங்கிவிடும்! கண் இமைக்கும் அந்நேரத்திற்குள்தான் எத்தனை முடிகள் எழுந்தன, எத்தனை முடிகள் விழுந்தன!

மலையை முதலில் நாடி வந்தவர்கள் மன்னர்கள் அல்லர். உருண்டைப் பாறைகளுக்கு அடியில் இயற்கையாகவே நிழலும் ஒதுக்கிடமும் உண்டு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியிலுள்ள கீழ்வாலையில், அத்தகைய பாறைகளில் பண்டை மாந்தர் செந்நிறத்தில் தீட்டிய ஓவியங்கள் இன்றும் உள்ளன. செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றில் சமண முனிவர்கள் தங்கித் தவம் புரிந்தனர். அங்கே ஒரு பெரும்பாறையில் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்கள் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டும் அக்குன்றில் இருக்கின்றது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, வட்டெழுத்தின் பழைய வடிவத்தைக் காட்டும் சான்றுகளுள் ஒன்று. வெறும் பாறையென்று நாம் கடந்து செல்லும் இடத்தில், ஒரு மனிதரின் இறுதி நாட்களைக் கல் காத்து வைத்திருக்கின்றது.

முனிவர்களுக்குப் பின் அரசர் வந்தனர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், செஞ்சிக்குத் தெற்கே மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து ஆகிய எதுவுமின்றி இக்கோயில் ஆக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்தும் வைத்தான். மரமும் செங்கல்லும் அழியும். மலை நிற்கும் என்று அப்பேரரசன் கண்டான். செஞ்சியையடுத்த சிங்கவரத்தில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் கோயிலும் குன்றைக் குடைந்து செய்ததேயாகும்.

இனிக் கோட்டைக்கு வருவோம். திருக்குறளில் அரண் என்றோர் அதிகாரம் உண்டு. நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கும் உடையதே அரண் என்பது வள்ளுவர் கருத்து. இந்நான்கும் ஓரிடத்தில் கூடி நிற்பதைக் காண விரும்புவோர் செஞ்சிக்குச் செல்லலாம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக் கோன் என்பவர் இங்கே முதலில் அரண் அமைத்தார் என்றும், அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் பெயரால் கிருஷ்ணகிரி வழங்கலாயிற்று என்றும் மரபுவழிச் செய்தி கூறும். இன்று நாம் காணும் கோட்டையின் பெரும்பகுதி, விசயநகரப் பேரரசின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதில்களின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். அம்மதிலைக் கூர்ந்து நோக்குபவர் ஓர் உண்மையைக் காண்பர். சரிவு செங்குத்தாக உள்ள இடத்தில் மதில் தாழ்ந்திருக்கும். இரு பாறைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், அவ்விடைவெளியை மட்டும் கட்டடம் அடைத்திருக்கும். எங்கே மலை தன் வேலையைச் செய்ததோ அங்கே கொத்தன் கை வைக்கவில்லை. சுமார் 800 அடி உயரமுள்ள இராசகிரியின் உச்சிக்கருகில் பாறை இயற்கையாகவே பிளந்து கிடக்கின்றது. அப்பிளவின் அகலம் 24 அடி. ஆழம் 60 அடி. அதன்மேல் ஒரு மரப்பாலத்தை இட்டார்கள். வேண்டாதபோது எடுத்துவிட்டால் சிலர் நின்றே உச்சியைக் காக்கலாம். அப்பிளவை வெட்டியவர் எவரும் இலர். கருங்கல்லில் விட்ட வெடிப்பே அது.

நீரும் அவ்வாறே. கல்லில் நீர் ஏது என்று நாம் எண்ணக்கூடும். பாறைப் பிளவுகளில் இறங்கிய மழைநீர் உள்ளே தங்கி, உச்சியிலும் சுனையாக ஊறுகின்றது. உள்ளே இறங்காத நீர் வழவழப்பான பாறையில் வழிந்து அடிவாரத்திற்கு ஓடி வருகின்றது. அங்கே அதனைத் தேக்கச் செட்டிகுளம், சக்கரகுளம் என்னும் குளங்களை அமைத்தார்கள். பல அடுக்குகள் கொண்ட கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்கள் வழியாக நீரைக் கொண்டுவந்து மேலடுக்கிலும் ஏற்றினார்கள். கோட்டைக்கு வெளியே வாழ்ந்த உழவரும் இம்முறையையே அறிந்திருந்தனர். இப்பகுதிக் குன்றுகளின் அடிவாரத்தில் ஏரிகள் அமைந்திருப்பது தற்செயலன்று. இக்குன்றுகளில் பிறந்து, சங்கராபரணி என்னும் பெயரோடு புதுவைக்கருகில் கடலில் கலக்கும் ஆறும் இந்நீரின் கொடையே.

இத்தகைய இடத்தை 1597ஆம் ஆண்டில் வந்து கண்டார் பிமெண்டா என்னும் ஏசு சபைப் பாதிரியார். அப்போது ஆண்டவன் கிருஷ்ணப்ப நாயக்கன். லிஸ்பன் ஒன்றை நீக்கினால் போர்ச்சுக்கல் நாட்டில் இதனினும் பெரிய நகரம் இல்லை என்னும் கருத்துப்பட அவர் எழுதிவைத்தார். செல்வமும் அரணும் கூடிய ஊரைப் பகைவர் விடுவரோ? 1648-49இல் பீசப்பூர்ச் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. 1677இல் சிவாசி அதனைத் தன்வயமாக்கி, அரண்களைப் புதுக்கி வலுப்படுத்தினான். சிவாசிக்குப் பின் மராட்டிய நாட்டிற்குப் பெருந்துன்பம் நேர்ந்தபோது, அவன் மகன் இராசாராம் 1689இல் தப்பி வந்து புகலடைந்ததும் இக்குன்றுகளிலேதான். அவனைத் தொடர்ந்து ஔரங்கசீப்பின் படைத்தலைவன் சுல்பிகார்கான் வந்தான். 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இன் தொடக்கத்தில்தான் முடிந்தது. வட இந்தியா முழுவதையும் ஆண்ட பேரரசின் படையை இம்மூன்று குன்றுகள் ஏழாண்டுகளுக்கு மேல் நிறுத்தி வைத்தன. கோட்டை விழுந்தபோதும் இராசாராம் கையில் அகப்படவில்லை, முன்னரே வெளியேறிவிட்டான்.

இதே மலை, இதே மதில், 1750ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரே இரவில் வீழ்ந்தது என்றால் நம்ப முடிகின்றதா? புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி வந்தான்; வாயிற் கதவுகளை வெடி வைத்துத் தகர்த்தான்; இருளில் ஏணி சாத்தி ஏறிய அவன் வீரர்கள் பொழுது விடிவதற்குள் மலைகளைப் பிடித்துக்கொண்டனர்.

இங்கேதான் வரலாறு கற்பவர் நின்று சிந்திக்க வேண்டும். 1690க்கும் 1750க்கும் இடையே மலை ஓர் அடியும் குறையவில்லை. பிளவு தூர்ந்துவிடவில்லை. வேறுபட்டது எது?

மூன்று குன்றுகளும் 13 கிலோமீட்டர் மதிலும் ஒரு வகையில் வலிமை. மற்றொரு வகையில் சுமை. அத்தனை நீளமுள்ள அரணை முழுவதும் சூழ்ந்து அடைப்பது பகைவனுக்கு அரிது. மராட்டியர் காலத்தில் முற்றுகை நீண்டதற்கு ஒரு காரணம் அது. மற்றொரு காரணமும் உண்டு. கோட்டைக்கு வெளியே சந்தாசி கோர்ப்படே, தனாசி சாதவ் போன்ற மராட்டியத் தலைவர்கள் குதிரைப் படையோடு திரிந்து, முற்றுகையிட்டவர்களுக்கு வரும் உணவைத் தடுத்தனர். ஒரு கட்டத்தில் முற்றுகையிட்ட மொகலாயர்களே உணவின்றி வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. உள்ளே உறுதியும் வெளியே துணையும் இருந்தமையால் மலையின் வலிமை முழுப்பயன் தந்தது. 1750இல் உள்ளே இருந்தவர்களோ, முன்பே களத்தில் தோற்று ஓடிவந்து ஒதுங்கிய படையினர். அவ்வளவு நீண்ட மதிலைக் காக்க உள்ளமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. பெரிய அரண் காவலற்றுப் போனால், அதன் பெருமையே அதற்குப் பகையாகிவிடும்.

பிரெஞ்சுக்காரருக்கும் அதே நிலை வந்தது. 1761 சனவரியில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின், கருநாடகத்தில் அவர்களிடம் இறுதியாக எஞ்சி நின்றது செஞ்சியே. உதவி வரும் வழி அடைபட்டது. ஏப்ரல் 5ஆம் நாள் அதுவும் பணிந்தது. பின்னர் 1780இல் ஐதர் அலியின் படை வந்தபோது செஞ்சி நெடுநாள் எதிர்த்து நிற்கவில்லை. அரண் அதிகாரத்தின் இறுதிக் குறளில், எவ்வளவு மாண்புடைய அரணாயினும் செயல்திறம் இல்லாதவரிடத்தில் அது அரணாகாது என்னும் கருத்தை வள்ளுவர் வைத்தார். அவர் கூறிய நான்கு உறுப்புகளும் செஞ்சியில் இருந்தன. அவர் முடிவாகக் கூறிய எச்சரிக்கையும் செஞ்சியிலேயே மெய்ப்பட்டது.

இடையில் வாழ்ந்த ஒரு வீரனையும் சொல்லாமல் விடலாகாது. தேசிங்கு என்று நாட்டுப் பாடல்கள் போற்றும் தேசசிங்கு, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குத் திறை கட்ட மறுத்தான். 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், சில நூறு குதிரை வீரருடன் மலையை விட்டுச் சமவெளியில் இறங்கிப் பெரும்படையை எதிர்த்து மாண்டான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. அரணுக்குள் இருந்திருந்தால் நெடுநாள் நின்றிருக்கலாம். அவன் அவ்வழியை நாடவில்லை. மலையைப் பிடித்து வைத்திருந்த பலரை நாடு மறந்தது. மலையை விட்டு இறங்கிய இளைஞனை நாடு பாடியது. அரசியல் அறிவு அவன் செயலை எவ்வாறு அளந்தாலும், மக்கள் உள்ளம் அளந்த அளவு இது.

ஆண்டவர்கள் மாற மாறச் செஞ்சியின் பெயரும் மாறியது. பீசப்பூரார் பாதுசாபாத்து என்றனர். மொகலாயர் வெற்றி பெற்ற சுல்பிகாரைச் சிறப்பித்து நுசரத்துகடம் என்றனர். ஆங்கிலேயர் கிழக்கு நாட்டு டிராய் என்றனர். அப்பெயர்கள் எல்லாம் ஏட்டோடு நின்றன. உழவரும் இடையரும் வழங்கிய செஞ்சி என்னும் பெயரே நிலைத்தது. கோட்டைக்குள்ளிருந்த வேங்கடரமணர் கோயிலின் நெடிய கற்றூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுவைக்கு எடுத்துச் சென்றனர். இன்று புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை அத்தூண்களே என்பர். தூண்களைப் பெயர்க்கலாம், மலையைப் பெயர்க்க முடியாது என்று அக்காலத்தவர் எண்ணியிருப்பர்.

நம் காலத்தில் அவ்வெண்ணம் பொய்யாகிவிட்டது. வெடிமருந்தும் பொறியும் கொண்டு ஒரு குன்றைச் சல்லியாக்கி வண்டிகளில் ஏற்றி அனுப்ப இன்று சில ஆண்டுகள் போதும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் குன்றுகள் இருந்த இடத்தில் பெருங்குழிகளே காணப்படுகின்றன. வீடு கட்டவும் சாலை போடவும் கல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. செஞ்சி நாயக்கரும் கல்லை வெட்டித்தான் கட்டினர். ஆனால் எந்தக் குன்றை வெட்டலாம், எதனைத் தொடலாகாது என்று ஆராய்ந்து தெளிய வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. இடிந்த மதிலைத் திரும்பக் கட்டலாம். வெட்டிய காடு ஓரளவு வளரும். தூர்ந்த ஏரியைத் தூர்வாரலாம். உடைத்த மலையை எந்தத் தலைமுறையும் மீண்டும் பெற முடியாது. அதனோடு அடிவாரத்து ஏரிக்கு வரும் நீரும், பாறையில் இருந்த ஓவியமும் எழுத்தும் போய்விடும். திருநாதர்குன்றின் பாறையை எவரேனும் முன்னரே உடைத்திருந்தால், சந்திரநந்தி வாழ்ந்தார் என்பதையே நாம் அறிந்திருக்கமாட்டோம்.

நற்செய்தியும் உண்டு. செஞ்சிக் கோட்டை நடுவண் அரசின் தொல்லியல் துறையால் காக்கப்படுகின்றது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் போர்நில அமைப்புகளைச் சேர்ந்த பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம் பெற்றன. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றே. உலகம் போற்றும் இச்சிறப்பு நமக்கு மகிழ்ச்சி தருகின்றது. ஆயினும் பட்டியலில் இடம்பெற்ற மலைக்குக் காவல் எளிது. பெயர் பெறாத குன்றுகளை யார் காப்பது? செஞ்சியைச் சுற்றி, வல்லம் முதலிய ஊர்களின் வயல்வெளிகளுக்கு அப்பால், வரலாற்று நூலில் ஒரு வரியும் பெறாத குன்றுகள் பல நிற்கின்றன. அவற்றுள் எதில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை முற்றும் படித்தவர் யார்?

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரருகே ஒரு குன்று இருக்குமானால், அடுத்த விடுமுறையில் அதன்மேல் ஏறுங்கள். அதன் கல் எவ்வகை, அதன் வெடிப்பு எத்திசை, அதில் வழியும் மழைநீர் எந்த ஏரியைச் சேர்கின்றது என்று பாருங்கள். பாறையில் பள்ளமோ, உருவமோ, எழுத்தோ தென்பட்டால் கீறாமல், சுரண்டாமல் குறித்துக்கொண்டு வந்து உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவரிடம் அக்குன்றின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். மலை கொடுப்பதைப் பயன்கொள்வதும் இழப்பதும் மனிதர் செயலில் உள்ளன என்பதைச் செஞ்சியின் கதை தெளிவாகக் காட்டுகின்றது. ஏழாண்டுகளுக்கு மேல் நின்றதும் அதே மலை; ஓர் இரவில் வீழ்ந்ததும் அதே மலை. அன்று காவல் புரிய வேண்டியவர் படைவீரர். இன்று காவல் புரிய வேண்டியவர் நாம்.